பரிசு கேட்ட குழந்தை

சொந்த ஊரை விட்டு வந்து வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு குழந்தைக்கு ஆண்டுதோறும் மூன்று பிறந்தநாள்கள் வருகின்றன. பிறந்த நட்சத்திரத்தன்று முதல் பிறந்தநாள். ஊரிலிருக்கும் பாட்டி முதல்நாளே தொலைபேசியில் நினைவூட்டிவிடுகிறாள். எண்ணெய்க் குளியலும் பாயசமும், கோயிலில் பெயரும் நட்சத்திரமும் சொல்லி ஓர் அர்ச்சனையும் நடந்து முடிகின்றன. ஆங்கிலத் தேதியன்று இரண்டாவது பிறந்தநாள். புத்தாடை உடுத்திப் பள்ளிக்குச் சென்று வகுப்பினர்க்கு மிட்டாய் வழங்குவதோடு அது நிறைவு பெறுகிறது. அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையே மூன்றாவது. அலுவலகம் இல்லாத நாள் அது ஒன்றுதான். கரோல் பாக்கிலும் மாதுங்காவிலும் தென் கல்கத்தாவிலும் உள்ள சின்னஞ்சிறு வீடுகளின் முன்னறையில் நாற்காலிகளை ஒதுக்கி, பலூன்களைக் கட்டி, கேக்கை நடுவில் வைத்து, அக்கம்பக்கத்துக் குழந்தைகளையெல்லாம் அழைத்துக் கொண்டாடுவது இந்த மூன்றாவது பிறந்தநாளைத்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித் தமிழ் இலக்கியம் ஏதேனும் சொல்லியிருக்கிறதா என்று கேட்டால் வியப்பாக இருக்கலாம். மெழுகுவத்தியும் கேக்கும் நேற்று வந்தவை. ஆயினும், ஒரு குழந்தையைச் சுற்றிப் பெரியவர்கள் கூடுவதும், அதன் கையில் பரிசுகளை வைப்பதும், அது சிரிக்கிறதா என்று பார்த்திருப்பதும் நேற்று வந்தவை அல்ல. அவை பற்றி நம் இலக்கியம் நிரம்பப் பாடியிருக்கிறது. பெரிதும் குழந்தையால் நமக்கு விளையும் இன்பத்தையே பாடியிருக்கிறது. குழந்தை நம்மிடம் எதிர்பார்ப்பது என்ன என்ற கேள்வியை அது கேட்க நெடுங்காலம் ஆயிற்று. அக்கேள்வியைக் கூர்மையாகக் கேட்ட கதை ஒன்று உண்டு. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நிகழும் கதையே. அக்கதைக்குச் செல்லும் வழியில் பழைய இலக்கியங்கள் சிலவற்றையும் பார்த்துச் செல்வோம்.

பிறந்தநாள் விழா தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் பாடாண் திணையின் துறைகளைக் கூறுமிடத்தில், மன்னனின் பிறந்தநாளில் நிகழும் பெருமங்கலத்தையும் குறிப்பிடுகிறார். அன்று மன்னன் தன் சினத்தை நீக்கியிருத்தல் வேண்டும் என்பது அத்துறையின் கருத்து. சிறைப்பட்டோரை விடுவித்தல், போரையும் கொலையையும் தவிர்த்தல், வரியை நீக்குதல், வேண்டியோர்க்கு வேண்டியதை வழங்குதல் என அந்நாளின் செயல்களை உரையாசிரியர்கள் விரித்துரைப்பர். அன்று மன்னன் வெண்ணிற உடை அணிவதால் அதற்கு வெள்ளணி என்றும் பெயர். பிற்காலத்தில் இது நாண்மங்கலம் என்ற துறையாகப் போற்றப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்கள் இராசராசனின் பிறந்தநாளான சதயத்தில் நடைபெற்ற திருவிழாவைக் குறிக்கின்றன. தஞ்சையில் இன்றும் ஐப்பசிச் சதயத்தன்று விழா எடுக்கப்படுகிறது.

இதில் நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பழைய முறையில் பிறந்தநாள் கொண்டாடுபவன் கொடுப்பவன், வந்தவர்கள் பெறுபவர்கள். இன்று பிறந்தநாள் கொண்டாடும் குழந்தை பெறுகிறது, வந்தவர்கள் கொடுக்கிறார்கள். விருந்து முடிந்து விடைபெறும்போது வந்த குழந்தைகள் ஒவ்வொன்றின் கையிலும் ஒரு சிறு பொட்டலத்தைத் தருகிறோமே, அந்த 'ரிட்டர்ன் கிஃப்ட்', பழைய பெருமங்கலத்தின் மங்கிய நிழல் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது கொடையன்று, கணக்குத் தீர்ப்பது. கொடைக்கும் கணக்குக்கும் உள்ள தொலைவைப் பின்னர்க் காண்போம்.

மன்னனின் பிறந்தநாளிலிருந்து வீட்டுக் குழந்தைக்கு வருவோம். புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பியின் பாட்டு ஒன்று இருக்கிறது. குறுகுறுவென நடந்து, சிறு கையை நீட்டி, உண்கலத்திலுள்ள நெய்ச்சோற்றைத் தொட்டும் கவ்வியும் துழாவியும் மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையை அதில் காண்கிறோம். எத்தனை செல்வம் இருப்பினும் அக்குழந்தை இல்லாதார்க்கு வாழ்நாளில் பயனில்லை என்று அரசன் ஒருவனே பாடுகிறான். மக்கட்பேறு அதிகாரத்தில் வள்ளுவரும் இதே காட்சியைத் தொட்டுச் செல்கிறார். சிறு கை அளைந்த கூழை அமிழ்தினும் இனியது என்கிறார். கேக்கை முகமெல்லாம் பூசிக்கொள்ளும் ஒரு வயதுக் குழந்தையை நாம் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்கிறோம். அப்பாண்டியன் தன் பாட்டில் எடுத்து வைத்த படமும் அதுவே. இன்பம் உண்மையானது, ஆனால் அது பார்ப்பவரின் இன்பம். குழந்தையின் மனத்தில் என்ன ஓடுகிறது என்று அப்பாட்டு கேட்பதில்லை. அதன் நோக்கமும் அதுவன்று.

பிள்ளைத்தமிழ் இவ்வின்பத்தை ஓர் இலக்கிய வகையாகவே ஆக்கியது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழு பருவங்கள் ஆண்பாற்கும் பெண்பாற்கும் பொது. சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன ஆண்பிள்ளைக்கு உரிய இறுதி மூன்று. மூன்றாம் மாதத்தில் தொடங்கி இருபத்தோராம் மாதம்வரை ஒற்றைப்பட்ட மாதங்களில் இப்பருவங்களை வைத்துப் பாடுவது பாட்டியல் நூல்கள் காட்டும் ஒரு முறை. ஆண்டுக்கொரு முறை பிறந்தநாள் கொண்டாடும் நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. குழந்தை தலையை நிமிர்த்துவதும், கை கொட்டுவதும், தளர்நடையிட்டு வருவதும் ஒவ்வொன்றும் விழாவுக்கு உரியவை என்று அப்புலவர்கள் கருதினார்கள். மதுரையில் குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றியபோது, அம்மையே சிறுமியாக வந்து முத்துமாலையைப் புலவர் கழுத்தில் அணிவித்தாள் என்ற வரலாறு வழங்குகிறது. அவ்வரலாற்றில் கொடுப்பது குழந்தை, பெறுவது பெரியவர். இதனையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

பிள்ளைத்தமிழ் என்ற பெயர் நிலைபெறுவதற்கு முன்பே அதன் வித்தைப் பெரியாழ்வாரிடம் காண்கிறோம். கண்ணன் பிறந்த வீட்டின் ஆரவாரத்தை அவர் பாடும் பாசுரங்களை நம் ஞாயிற்றுக்கிழமையோடு ஒப்பிடத் தயங்க வேண்டியதில்லை. எண்ணெயும் மஞ்சள் பொடியும் தூவி முற்றம் சேறாகிறது. ஆயர்கள் ஓடுகிறார்கள், விழுகிறார்கள், குழந்தை எங்கே என்று தேடுகிறார்கள். அடுத்து வரும் தாலாட்டில் பரிசுகளின் வரிசை தொடங்குகிறது. மாணிக்கமும் வயிரமும் பதித்த பொற்றொட்டிலைப் பிரமன் அனுப்புகிறான். அரையில் அணியும் அணியைச் சிவபெருமான் அனுப்புகிறான். கிண்கிணியை இந்திரன் தருகிறான். எதனை எவர் அனுப்பினார் என்று பெயர் சொல்லிச் சொல்லி யசோதை தாலாட்டுகிறாள். விருந்தினர் சென்ற பின் பொட்டலங்களைப் பிரித்து, இது இன்னார் வீட்டுப் பரிசு என்று நம் வீட்டுப் பெண்கள் குறித்து வைக்கும் பட்டியலைத்தான் அது நினைவூட்டுகிறது.

அத்தாலாட்டில் இன்னொரு செய்தி உள்ளது. பரிசுகளின் ஒளியில் நாம் அதைக் கவனியாது விடக்கூடும். இத்தனை பரிசுகளையும் காட்டிக்கொண்டே தாய் குழந்தையை அழாதே, அழாதே என்கிறாள். தேவர்கள் அனுப்பிய அணிகலன்கள் அனைத்தும் அருகில் இருக்கின்றன; குழந்தை அழுதுகொண்டிருக்கிறது. தாலாட்டுக்கு அது மரபு என்று சொல்லி மேலே சென்றுவிடலாம். ஆனால் பெரியாழ்வார் வீட்டை அறிந்த கவிஞர். பரிசுக்கும் அழுகைக்கும் தொடர்பில்லை, ஒன்று மற்றொன்றை நிறுத்துவதில்லை என்பது அவர் அறியாததன்று. அக்குழந்தை எதற்காக அழுகிறது என்ற வினாவை அவர் எழுப்பவில்லை. உலகளந்த பெருமானாகிய குழந்தையிடம் அதைக் கேட்கவும் இயலாது.

அவ்வினா எழுவதற்குக் குழந்தை வாய் திறந்து பேச வேண்டியிருந்தது. பாரதியின் பாப்பாப் பாட்டில் குழந்தை பாடப்படும் பொருளாக இருந்த நிலை மாறி, பாட்டைக் கேட்பவராக எதிரே அமர்கிறது. இது பெரிய மாற்றம். ஆயினும் அங்கே பேசுபவர் கவிஞர்தான். பாப்பா மறுமொழி சொல்வதில்லை. மறுமொழி சொல்லும் குழந்தையைச் சிறுகதையில்தான் காண்கிறோம். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் வரும் வள்ளியை மறக்க முடியுமா? கடவுளை விருந்தாளியாக அழைத்துக்கொண்டு வீடு திரும்பும் தந்தையிடம் அக்குழந்தை தனக்கு என்ன கொண்டுவந்தாய் என்று கேட்கிறது. என்னையே கொண்டுவந்திருக்கிறேன் என்கிறார் பிள்ளை. தினந்தோறும் உன்னைத்தானே கொண்டுவருகிறாய், பொரிகடலையாவது கொண்டுவரக் கூடாதா என்கிறது குழந்தை.

இச்சிறு உரையாடலைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாகாது. பொருள் வாங்க இயலாத தந்தை, அன்பைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கிறார், குழந்தை தப்பவிடுவதில்லை. அன்பு இருக்கட்டும், பொரிகடலை எங்கே என்று கேட்கிறது. குழந்தைகளுக்கு அன்பு ஒன்றே போதும், பொருள் வேண்டாம் என்று மேடையில் பேசுவோர்க்கு வள்ளி கூறும் விடை இதுவே. ஏழை வீட்டுக் குழந்தைக்குப் பொரிகடலை வெறும் பொருளன்று. தெருவில் நடக்கும்போது தன்னைத் தந்தை நினைத்தார் என்பதற்கு அதுவே சான்று. புதுமைப்பித்தன் இதனை விளக்கவில்லை. கடவுளையே வீட்டுக்குள் கொண்டுவந்த நாளிலும் பொரிகடலை வராத குறை குறைதான் என்று மட்டும் காட்டிவிட்டு அப்பால் செல்கிறார்.

வள்ளி கேட்பது, தன்னை நினைத்ததற்குச் சான்றான பொருள். பொருள் கையில் இருந்தும் சான்று இல்லாமற்போன குழந்தை என்ன செய்யும்? இங்குதான் கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' வருகிறது. இடைசெவலில் 1923ஆம் ஆண்டு பிறந்து, சென்னையிலும் மலேயாவிலும் பத்திரிகைப் பணி புரிந்து, 1970இல் மறைந்தவர் அழகிரிசாமி. அவ்வாண்டுக்குரிய சாகித்திய அக்காதெமிப் பரிசு இக்கதையின் பெயரைத் தாங்கிய தொகுதிக்கே வழங்கப்பட்டது. எழுதியவர் பெற முடியாத பரிசு அது.

கதை எளியது. பத்திரிகை அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவர், முதல்நாள் இரவு நெடுநேரம் கண்விழித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் உறங்குகிறார். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் படையெடுத்து வந்து அவரை எழுப்புகிறார்கள். அவரிடம் புத்தகங்கள் நிறைய உண்டு. குழந்தைகளுக்குப் படிக்கத் தருவார். அவர் குழந்தைகளிடம் பொய்யான கொஞ்சல் காட்டாதவர். அவர்களை நண்பர்களாக நடத்துபவர் என்ற எண்ணம் தம்மைப் பற்றி உடையவர். பிருந்தா என்ற சிறுமி காய்ச்சலில் கிடந்தபோது அவர் காட்டும் பரிவில் பொய் எதுவும் இல்லை. அக்குழந்தைகளில் ஸாரங்கன் என்று ஒருவன். மற்றவர்களைப் போல மேலே விழுந்து விளையாடாதவன். உரிமையோடு பறித்துக்கொள்ளத் தெரியாதவன். புத்தாண்டில் அவர் குழந்தைகள் இருவருக்கு அவர்கள் பெயரை எழுதி டைரிகளை அன்பளிப்பாகத் தருகிறார். ஸாரங்கனுக்கு இல்லை. அவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்கு வருமாறு அவரை அழைக்கிறான். அவர் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. அந்நாள் வந்ததும் அவன் தானே வந்து அழைத்துச் செல்கிறான். உபசரித்துச் சிற்றுண்டியும் காப்பியும் தருகிறான். முடிவில் தன்னிடமிருந்த டைரி ஒன்றை எடுத்து வைத்து, எழுதச் சொல்கிறான். என்ன எழுதுவது என்கிறார் அவர். தன் பெயரையும், தன்னிடம் அவருக்குப் பிரியம் உண்டு என்பதையும், இது அவர் தரும் அன்பளிப்பு என்பதையும் அவனே சொல்ல அவர் எழுதுகிறார். கதை அத்துடன் நின்றுவிடுகிறது.

இக்கதையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எதிரெதிரே நிற்கின்றன. முதல் ஞாயிற்றுக்கிழமையில் குழந்தைகள் விருந்தினர், பெரியவர் வீட்டுக்கு உரியவர். இரண்டாவதில் பெரியவர் விருந்தினர், குழந்தை வீட்டுக்கு உரியவன். முதல் நாளில் கூச்சலும் சிரிப்பும் நிறைந்திருக்கின்றன. இரண்டாவது நாளில் ஒரு சிறுவனின் அடக்கமான உபசாரம் மட்டும் இருக்கிறது. உண்ணச் செய்து, அமரச் செய்து, தக்க நேரம் பார்த்துத் தன் வேண்டுகோளை வைக்கும் அந்த முறைமை, பெரியவர்கள் ஒருவரிடம் காரியமாகச் செல்லும்போது கைக்கொள்ளும் முறைமை. அன்பு என்பது தானே வந்து சேரும் என்று நம்பும் குழந்தை அவ்வாறு நடந்துகொள்ளாது. அது தனக்குத் தானாக வராது என்று தெரிந்துகொண்ட குழந்தையே அவ்வாறு நடந்துகொள்ளும். ஸாரங்கனின் பணிவு நமக்கு இனிமையாகத் தோன்றாமல் நெஞ்சை உறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

அவன் கேட்டது என்ன? பொறாமை கொண்ட சிறுவன் பிறருக்குக் கிடைத்தது தனக்கும் வேண்டும் என்று கேட்கிறான், அவ்வளவே என்று வாசகர் சிலர் கூறலாம். அக்கூற்றைக் கதையே மறுக்கிறது. அவனுக்கு வேண்டியது டைரியாக இருந்தால் அவனிடம் டைரி இருக்கிறது. அவனிடம் இல்லாதது அதன் முதற்பக்கத்தில் இருக்க வேண்டிய கையெழுத்து. அன்பளிப்பு என்னும் சொல்லில் அன்பும் உண்டு, அளிப்பும் உண்டு. அளிப்புக்கு வேண்டிய பொருளை அவனே கொண்டுவந்துவிட்டான். அன்பை மட்டும் அவரிடம் கேட்டான். வழக்கில் ஒரே சொல்லாக நாம் எண்ணியிருந்ததை அழகிரிசாமி இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார்.

இங்கே கடினமான கேள்வி ஒன்று எழுகிறது. கேட்டுப் பெற்ற அன்பு அன்பாகுமா? குழந்தை சொல்லச் சொல்லப் பெரியவர் எழுதிய சொற்களுக்கு என்ன மதிப்பு? எழுதும் கணத்தில் அவர் மனத்தில் அன்பு இருந்ததா, வெட்கம் இருந்ததா என்று ஆசிரியர் சொல்வதில்லை. குறைந்த திறமையுடைய எழுத்தாளராக இருந்தால் அவரைக் கண்ணீர் விடச் செய்து சிறுவனைத் தழுவிக்கொள்ளச் செய்திருப்பார். படிப்பவர்க்கும் நெஞ்சு இலேசாகியிருக்கும். அழகிரிசாமி நமக்கு அந்த ஆறுதலைத் தரவில்லை. எழுதிய சொற்கள் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றை மெய்யாக்கும் பொறுப்பு எழுதியவர்க்கு உரியது. அது கதைக்கு வெளியே, அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் நிறைவேற்ற வேண்டிய பொறுப்பு.

இக்கதை தன்மைக் கூற்றில் அமைந்ததும் தற்செயலன்று. கதை சொல்பவர் கொடியவரல்லர்; குழந்தைகளை வெறுப்பவரும் அல்லர். அவர் நல்லவர் என்று நாம் முழுதும் நம்பும்வரை ஆசிரியர் காத்திருக்கிறார். அவர் கண்ணால்தான் நாமும் அந்த அறையைப் பார்க்கிறோம். அவர் கவனிக்காததை நாமும் கவனிப்பதில்லை. கடைசியில் டைரி வெளியே வரும்போது, ஸாரங்கனைப் பாராமல் விட்ட பிழை அவருடையது மட்டுமன்று, வாசகராகிய நம்முடையதும் என்று தெரிகிறது. குழந்தைகளிடம் அன்பு உடையவர்கள்கூட, மடியில் ஏறி அமரும் குழந்தைக்கே அன்பைப் பகிர்ந்துவிட்டு, ஓரத்தில் நிற்கும் குழந்தையையும் அதில் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதே இக்கதை கண்ட உண்மை. இதனை ஒரு வரியில்கூட உபதேசமாகச் சொல்லாதது இதன் சிறப்பு.

ஓரத்தில் நிற்கும் குழந்தையை அழகிரிசாமி மீண்டும் பார்த்த கதை 'ராஜா வந்திருக்கிறார்'. அங்கே ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் தீபாவளி. செல்வர் வீட்டுச் சிறுவனும் ஏழை வீட்டுக் குழந்தைகளும் என்னிடம் அது இருக்கிறது, உன்னிடம் இருக்கிறதா என்று போட்டியிட்டு விளையாடுகிறார்கள். அன்றிரவு ஏழை வீட்டு வாசலில் ராஜா என்னும் பெயருடைய ஆதரவற்ற சிறுவன் வந்து நிற்கிறான். அவ்வீட்டுத் தாய் அவனை அழைத்து, நீராட்டி, கணவனுக்கென வைத்திருந்த புதுத் துண்டை உடுத்தக் கொடுக்கிறாள். செல்வர் வீட்டுக்கு மருமகனாக ஜமீன்தார் வந்திருப்பதாக அச்சிறுவன் பெருமை பேச, தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகச் சிறுமி கூறுகிறாள். பழைய பெருமங்கலத்தில் மன்னன் வழங்கினான். இங்கே ராஜா என்ற பெயரோடு வந்தவனுக்கு ஏழைத் தாய் வழங்குகிறாள். இக்கொடையில் கணக்கு இல்லை. ஆகவே இது கொடையாகிறது. 'ரிட்டர்ன் கிஃப்ட்' பொட்டலத்திற்கும் இத்துண்டுக்கும் இடையில் உள்ள தொலைவு இதுதான்.

வெளியூர்வாழ் தமிழர்களாகிய நம்மை நேராகத் தொடும் கதை ஒன்றையும் குறிப்பிட வேண்டும். பின்னாளில் தில்லி வானொலியில் பணியாற்றிய தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' அது. இரயில் பெட்டியில் தந்தையோடு வரும் சிறுவன், தின்னாமல் வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தை, எதிரே இருக்கும் ஏழைச் சிறுமிக்குக் கொடுத்துவிடுகிறான். அச்சிறுமி தன் வயதுக்கு ஒவ்வாத பொறுப்போடு பேசுகிறாள். அவள் போவது கல்கத்தாவில் ஒரு வீட்டு வேலைக்கு. தாய் தந்தையரை விட்டு அத்தனை தூரம் போகும் ஒரு குழந்தைக்கு இன்னொரு குழந்தை கொடுத்த ஒற்றைப் பழம், தந்தையை மெய் சிலிர்க்கச் செய்கிறது. மீனாட்சியம்மை புலவர்க்கு மாலை அணிவித்த வரலாற்றில் கண்ட கொடுக்கும் குழந்தை இங்கே மீண்டும் வருகிறது. இம்முறை அதற்குத் தெய்வத்தன்மை எதுவும் தேவைப்படவில்லை.

அச்சிறுமி கல்கத்தாவை அடைந்த பின் என்ன ஆயிற்று என்று கதை சொல்லவில்லை. ஆனால் அவள் சென்றடைந்தது போன்ற வீடுகள் நம்மவர் வீடுகள். அங்கும் குழந்தைகளின் பிறந்தநாள்கள் நடந்திருக்கும்; அவள் அடுக்களை வாயிலில் நின்று பார்த்திருப்பாள்; எல்லோரும் சென்ற பின் தட்டுக்களைக் கழுவியிருப்பாள். பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வீட்டு வேலைக்கு அமர்த்துவது 2006ஆம் ஆண்டு அக்டோபர் முதல் சட்டப்படி தடுக்கப்பட்டுள்ளது. 2016ஆம் ஆண்டின் திருத்தம் தடையை மேலும் விரிவாக்கியது. சட்டம் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கொண்டு ஜானகிராமன் அக்குழந்தையைப் பார்க்கச் சொன்னார். இன்றும் வீட்டு வேலைக்கு வரும் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்கும் குழந்தைகள் உண்டு. பிறந்தநாள் விருந்தின் கணக்கில் அக்குழந்தைக்கு ஒரு பங்கு கேக்கு எஞ்சியிருக்கும். அதன் பெயரை அறிந்தவர் அவ்வீட்டில் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். அறிவுடை நம்பியின் குழந்தை பார்க்கப்பட்டது. பிள்ளைத்தமிழின் குழந்தை பாடப்பட்டது. பாரதியின் பாப்பா கேட்டது. வள்ளி மறுமொழி சொன்னாள். ஸாரங்கன் தான் சொல்லப் பெரியவரை எழுதச் செய்தான். இருபது நூற்றாண்டு இலக்கியத்தில் குழந்தை மெல்ல மெல்ல நம் எதிரே வந்து அமர்ந்திருக்கிறது. முன்னதைவிடப் பின்னது உயர்ந்தது என்று இதற்குப் பொருளன்று. புறநானூற்றுப் பாட்டின் அழகு அழகிரிசாமியிடம் இல்லை. அவர் அதை நாடவும் இல்லை. குழந்தையால் இன்பம் பெறுவது எப்படி என்று பழைய பாட்டு கற்பித்தது. அவ்வின்பத்திற்கு நாம் திருப்பித் தர வேண்டியது என்ன என்று புதிய கதை கேட்டது. இரண்டையும் படித்தவனுக்கே பாடம் முழுமை பெறுகிறது.

இதிலிருந்து நம் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரு செய்தி கிடைக்கிறது. பரிசுகள் இன்று பெரும்பாலும் கடையிலேயே வண்ணத்தாள் சுற்றி வருகின்றன. அதன்மேல் ஒட்டிய சிறு அட்டையில் கொடுப்பவர் பெயர் எழுதும் வழக்கம்கூட அருகி வருகிறது. கொடுப்பவர் பெயரேனும் உண்டு, பெறும் குழந்தையின் பெயர் இருப்பதில்லை. நட்சத்திரத்தன்று கோயிலில் அர்ச்சகர் ஒருமுறை அப்பெயரை உரக்கச் சொன்னார். அதன் பின் அந்த ஆண்டு முழுவதும் அதைத் தமிழில் எழுதிப் பார்த்தவர் எவரும் இலர். வீட்டில் தமிழ் பேசினாலும் எழுதப் படிக்கப் பழகாமல் வளரும் குழந்தைகள் நம்மிடையே பலர். அவர்களுக்குத் தமிழ் கற்பிப்பது எப்படி என்று சங்கக் கூட்டங்களில் நெடுநேரம் பேசுகிறோம். ஒரு புத்தகத்தின் முதற்பக்கத்தில் அக்குழந்தையின் பெயரைத் தமிழில் எழுதி, அதன்மேல் நமக்குள்ள பிரியத்தையும் எழுதிக் கொடுத்தால், தன் பெயரைப் படிப்பதற்காகவேனும் அக்குழந்தை எழுத்துக்கூட்டத் தொடங்கும்.

எழுதும்போது பிறந்தநாள் குழந்தைக்கு மட்டும் எழுதி நிறுத்திவிடலாகாது. அதன் அருகில் அண்ணனோ தங்கையோ நின்றுகொண்டிருக்கும். பொட்டலங்கள் பிரிக்கப்படுவதை அக்குழந்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்திருக்கும். அதுவும் ஒருநாள் நம்மைத் தன் இடத்துக்கு அழைத்துச் சென்று, காப்பி கொடுத்து, தானே வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தை நீட்டி எழுதச் சொல்லும் நிலைக்கு வருமுன், அதன் பெயரையும் கேட்டு எழுதிவிடுவது நல்லது.